செவலை நடக்கிற இடம்

ஆற்றங்கரை மடத்துச் செங்கமலத்தம்மாளுக்கு வயது நாற்பது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு தாண்டிவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். வீடு வாசல், பேரன் பேத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவரால் ஒரு நாயை மட்டும் விட முடியவில்லை.

மடத்து நாய் அது. பெயர் செவலை.

தினமும் காலையில் அம்மா பிச்சைக்குக் கிளம்புவார். தென்கரையில் மூன்று ஊர், அப்புறம் தடுப்பணை மேல் ஆற்றைக் கடந்து வடகரையில் இரண்டு ஊர், கடைசியில் மரப்பாலம் ஏறினால் மறுபடி மடத்து வாசல். மேடு பள்ளம் இல்லாத சுற்று. கிழடுகட்டைகூடப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். ஆனால் கரை நெடுக ஒற்றையடிப் பாதை. அம்மாவின் காலை ஒட்டிச் செவலை நடக்கும். அதன் வாலைப் பார்த்தபடி மாசிலாமணி வருவார்.

"முப்பது வருஷம் ஊரையே 'உள்ள போ, உள்ள போ'ன்னு விரட்டினவன், இப்ப நாய்க்குப் பின்னால வரேன்" என்று பொருமுவார்.

முதல் கவளமும் செவலைக்குத்தான். தடுப்பணை ஓரம் பூவரசு இலையில் அதை வைத்து, நாயின் தலையைத் தடவிக் கொடுப்பார் அம்மா. பார்க்கப் பார்க்க மாசிலாமணிக்கு வயிறு பற்றி எரியும்.

ஊருக்கு ஊர் நாய்ப் படை வேறு. செவலையைக் கண்டதும் கூட்டமாக வந்து குரைக்கும். அது அம்மாவின் சேலையோரம் ஒண்டிக்கொள்ளும். எல்லைக் கல் வரை விரட்டி வந்து, கல்லைத் தாண்டியதும் கப்பென்று நிறுத்திவிட்டு, வந்த வழியே திரும்பிவிடும் ஊர் நாய்கள்.

ஒரு நாள் மாசிலாமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு அந்த நாய் உங்க பக்கத்துல நடக்கணும், இல்ல நான் நடக்கணும். முடியாதுன்னா இப்பவே ஊருக்குக் கிளம்பறேன்."

"அதால உங்களுக்கு என்ன தொந்தரவு?"

உள்ளதைச் சொல்ல வெட்கம். "அது வந்தாலே ஊர்நாயெல்லாம் குரைக்குதும்மா. அந்தச் சத்தத்துல சாமி நினைப்பே வர மாட்டேங்குது."

"சரி, கட்டிப் போட்டுட்டு வாங்க."

செவலையை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, பையை எறிந்துவிட்டு ஓடிவந்தார். கடைசியில் அம்மாவுக்குப் பின்னால் அவர்தான்!

மடத்து வேலி தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார். "அப்பாடா, சனியன் விட்டுது!"

முதல் ஊர் நாய்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சோறு போடறவங்க பின்னால எந்த நாயும்தான் போகும். அதைப் போய் பக்தின்னு நினைச்சுடாதீங்கம்மா."

இரண்டாவது ஊரிலும் அமைதி.

"நான் பெத்த புள்ளைங்கள விட்டுட்டு வந்தேன். அது எதை விட்டுட்டு வந்துச்சு?"

தடுப்பணை வந்தது. அம்மா பூவரசு இலை பறித்து, முதல் கவளத்தை வைத்து, அவரிடம் நீட்டினார். மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கித் தின்றார். தின்று முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"இத்தனை நாள் இதை அது தின்னுச்சே! போன வாரம் என் பாயில வேற படுத்திருந்துச்சு..."

வடகரை முழுக்க அந்தப் பாய்க் கதை ஓடியது. 

மடத்துக்குத் திரும்பியதும் செவலை கயிறு அறுந்துவிடுகிற மாதிரி துள்ளியது. முதலில் எட்டிய மாசிலாமணியின் கையை நக்கியது. "சீ, போ" என்று கையை உதறிக்கொண்டு அவர் அம்மாவிடம் திரும்பினார்.

"பார்த்தீங்களாம்மா! அஞ்சு ஊர்லயும் இன்னிக்கு ஒரு குரைப்புச் சத்தம் கேட்டுச்சா?"

அம்மா பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

"தினமும் ஊர் எல்லை வந்தா நின்னுடும், மாசிலாமணி. இன்னிக்குத்தான் சுத்து முழுக்க நிக்கவே இல்லை."