உள்ளே இருப்பவர் சொல்லட்டும்

செருப்புப் போட்டுத் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடி ஜெயிலுக்குப் போன வேதமாணிக்கத்துக்கு, புளியங்குறிச்சி முக்கில் அவர் சனங்கள் வெண்கலச் சிலை வைத்தார்கள். வைத்த மாதமே அதன்மேல் ஒருவன் சாணியைக் கரைத்து ஊற்றினான். ஊற்றியவன் சேர்மன் குலசேகரனின் மச்சான் என்று ஊருக்கே தெரியும். அவன் டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, சேர்மன் சிலையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போட்டுப் பூட்டினார்.

தினமும் சிலையைத் துடைக்கிற துப்புரவுத் தொழிலாளி மாடத்தியிடம்தான் சாவி இருந்தது. அவள் சேர்மனிடமே போய்க் கேட்டாள். "ஐயா, செஞ்சவன் வெளியே திரியுறான். இவரை எதுக்கு அடைக்கீக? கூண்டை எடுத்திருங்க."

"அது பாதுகாப்பு. உள்ளே இருக்கிறவர் வாயைத் திறந்து சொல்லட்டும், அப்பவே எடுக்கிறேன்" என்றார் சேர்மன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

வேதமாணிக்கத்தின் பிறந்தநாள் வந்தது. விழாவுக்கு வந்த கலெக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்க, சேர்மன் கூண்டுக்குள் போய் மாலை போட்டார். அவர் திரும்புவதற்குள் மாடத்தி கதவைச் சாத்திப் பூட்டிவிட்டாள்.

"ஏய், திற."

"பாதுகாப்புங்கய்யா."

சேர்மன் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "நான் என்ன மிருகமா? இதுக்குள்ள ஒரு மனுசன் இருப்பானா? முதல்ல இந்தக் கூண்டை எடுங்கடா."

மாடத்தி கலெக்டரிடம் திரும்பினாள். "உள்ளே இருக்கிறவர் சொன்னா எடுக்கிறதா சேர்மன் வாக்குக் கொடுத்திருக்காரும்மா. இப்பச் சொல்லிட்டாரு."

கலெக்டர் வெல்டரை வரச் சொன்னார். கடைசிக் கம்பியை அறுத்து முடிக்கும்வரை மாடத்தி சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.