மிக்கேல் வாங்கிய திட்டு

“அம்மா, நாளைக்கு ஒரு வானொலியை நான் சாகடிக்கணும்,” என்றார் நல்லசிவம்.

நாட்டின் ஒலிபரப்பு ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். எந்த நிலையம் பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. மலைமேல் இருக்கும் இந்தக் குடிலுக்கு வந்தால் மட்டும் அவர் வெறும் சீடர்.

அவருடைய குரு பூரணி அம்மாள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சாப்பிட்டியா?”

“இல்ல.”

“உக்காரு. கூட உரி. அது என்ன பாவம் பண்ணுச்சு?”

நல்லசிவம் உட்கார்ந்தார். பெரிய அதிகாரிதான், நார் உரிக்க வரவில்லை.

“சங்குமுனைன்னு ஒரு மீனவர் ஊர். அவங்களே நடத்துற, கடல்ல படகுலயும் கேக்குற சின்ன வானொலி. புயல் அன்னைக்கு செசிலிங்கிற அறிவிப்பாளர், மிக்கேல்னு ஒரு ஆளைப் பேர் சொல்லித் திட்டியிருக்கா. மூதிங்கிறா. அறிவுகெட்டவங்கிறா. மிக்கேல் புகார் கொடுத்துட்டார். ஒருத்தரைப் பேர் சொல்லி வைதா உரிமம் ரத்து. விதி.”

“யார் போட்டது?”

“நான்தான்.”

அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

“அதுக்கு முன்னாடி வானொலியிலேயே சாதியைச் சொல்லித் திட்டிக்கிட்டிருந்தாங்கம்மா. ஊருக்கு ஊர் வெட்டுக்குத்து. இந்த விதி வந்துதான் நின்னுச்சு. இவளுக்காக வளைச்சேன்னா நாளைக்கு அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க.”

“நியாயம்தான். மேல சொல்லு.”

“அந்த நிலையத்தை மூடணும்னு எனக்கு...”

“ஆசை. புரிஞ்சுது. போய் மூடு.”

நல்லசிவத்துக்குச் சுருக்கென்றது.

“மனசே வரலைன்னு சொல்ல வந்தேம்மா.”

“அப்படியா? சரி, சொல்லு.”

“இந்த வேலைக்கு வந்த நாளா நான் ஒருத்தருக்கும்...”

“நல்லது பண்ணல. வருத்தம்தான்.”

அவர் கையில் இருந்த அவரைக்காயைத் தட்டில் விட்டெறிந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“என்னம்மா இது? பாதிப் பேச்சைக் கேட்டுட்டு ஒரு மனுஷனுக்குத் தீர்ப்புச் சொன்னா...”

இந்த முறை பூரணி அம்மாள் குறுக்கே பேசவில்லை.

அவரே நிறுத்திக்கொண்டார்.

ஆணையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புகார் வந்தால், குற்றம் உள்ள இடத்தை மட்டும் வெட்டித் தலைவர் மேசைக்கு அனுப்புவார்கள். அதற்குமேல் கேட்கத் தலைவருக்கு ஏது நேரம்? சங்குமுனை வானொலியை அவர் கேட்டது அரை நிமிஷம். அந்த ஊர்ப் பெயரையே அந்த அரை நிமிஷத்தில்தான் தெரிந்துகொண்டார்.

“மீதி எங்க?” என்றார் பூரணி அம்மாள்.

“போன்ல இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் பூரா. ரொம்ப நீளம்.”

“காய் நிறைய இருக்கு. போடு.”

போட்டார்.

முதலில் செசிலி அரசு கொடுத்த அறிவிப்பை வாசித்தாள். ‘மீனவர்கள் விரைந்து கரை திரும்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ நல்ல தமிழ். நிதானமான குரல். திரும்பத் திரும்ப வாசித்தாள்.

எந்தப் படகும் திரும்பவில்லை. வலை கடலுக்குள் கிடந்தது. அதை இழுத்து முடிக்காமல் எவன் வருவான்?

பிறகு காகிதம் கசங்கும் சத்தம். குரல் மாறிவிட்டது.

‘எலே வியாகுலம், உனக்குத்தாம்ல சொல்லுதேன். வலையை அறுத்து விட்டுட்டு வா. எலே ரொசாரி, காது அவிஞ்சு போச்சா?’

ஒவ்வொருவரையாகப் பேர் சொல்லிப் பிடித்தாள். ஒவ்வொருவராகக் கரைக்கு வந்தார்கள். வந்தவன் பெயரைச் சொல்லி, ‘சரி, போய்த் தலையைத் துவட்டு,’ என்றாள்.

ஒரு படகு மட்டும் பாக்கி.

‘எலே மிக்கேலு, அறிவுகெட்ட மூதி. வலை பெருசா, நீ பெருசா? அறுலே.’

இந்த இடத்தைத்தான் வெட்டி அனுப்பியிருந்தார்கள். நல்லசிவத்துக்கு மனப்பாடம். அதற்கப்புறம் வந்தது அவருக்குப் புதிது.

‘உன் பொண்டாட்டி இங்க என் காலடியில தரையில உக்காந்திருக்கா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா. நான் அவகிட்ட என்னல சொல்ல?’

அப்புறம் பேச்சே இல்லை. மழைச் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஒலிபரப்பில் இப்படி வெறுமையாக விடுவதும் குற்றம்தான். அந்த மாதிரி இடம் வந்தால் நல்லசிவத்தின் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போகும். அன்று போகவில்லை. உரித்த காயையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார்.

‘வந்துட்டான்,’ என்றாள் செசிலி. ‘நில்லுல, உன்னைக் கரையில வச்சே கொல்லுதேன்.’

பின்னால் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள்.

நல்லசிவம் போனை அணைத்தார். பூரணி அம்மாள் ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“மனசு கேக்கலம்மா. ஆனா விதி அப்படியேதான் நிக்குது. அவமானப்பட்டவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அவன்கிட்டப் பேசினியா?”

“எனக்குக் கீழ வேலை பாக்குறவங்க பேசியிருப்பாங்க.”

பூரணி அம்மாள் அவரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

நல்லசிவம் மிக்கேலின் எண்ணைத் தேடிப் போட்டார்.

“யாரு?”

“ஒலிபரப்பு ஆணையத் தலைவர் பேசுறேன்.”

“ஐயா, வணக்கம். புது வலை கோத்துக்கிட்டு இருக்கேன். சொல்லுங்க.”

“உங்க புகார் விஷயமா...”

“ஆமாய்யா. ஊரே கேக்க மூதின்னுட்டா. என் மருமவன் போன் போட்டுச் சிரிக்கான். டீக்கடைக்குப் போனா, ‘வலை பெருசா, நீ பெருசா’ன்னுதான் டீயே தாரான். ஒரு மனுசன் எப்படித் தலை காட்ட?”

“உங்க பக்கம் நியாயம் இருக்கு. விதிப்படி நாளைக்கு நடவடிக்கை எடுக்கிறோம்.”

“சந்தோசம். அவ என் வீட்டு வாசல்ல வந்து ஒரு மன்னிப்புக் கேட்டாப் போதும்.”

“மன்னிப்பு இல்ல. நிலையத்தை மூடுறோம்.”

அந்தப் பக்கம் கடல் மட்டும் கேட்டது.

“எதை மூடுதீய?”

“வானொலியை.”

“ஐயா,” என்றார் மிக்கேல். குரலில் இருந்த வீம்பெல்லாம் போய்விட்டது. “அதை மூடிட்டா, அடுத்த புயலுக்கு எங்களை யாருய்யா திட்டுவா?”