கருமடுவுக்குப் பழகிய மோட்டார்

கருமடு என்று ஆற்றில் ஒரு பெரிய மடு. அதன் கரையில் தவளை கத்தாது, கொக்கு நிற்காது. பட்டப்பகலிலும் அந்தத் தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடக்கும். அங்கே போய் ஓர் உடும்பு படகு மோட்டார் கடை வைத்திருந்தது! அந்த ஆளில்லாத இடத்தில் யாருக்கு வியாபாரம் என்று கேட்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வந்தேன்.

மாடத்தி என்ற முள்ளெலி ஒரு நாள் உச்சிவெயிலில் தன் மூன்று குட்டிகளோடு அந்தக் கடைக்கு வந்தாள். இந்தக் கரையில் பூச்சி புழு எல்லாம் வற்றிப் போயிருந்தன. அக்கரைக்குப் போனால்தான் குட்டிகள் பிழைக்கும். அவளிடம் ஒரு சின்னப் படகும் துடுப்பும் இருந்தன. ஆனால் அவ்வளவு பெரிய மடுவைத் துடுப்புப் போட்டுக் கடக்க ஒண்டிப் பொம்பளைக்கு ஏது தெம்பு!

"அண்ணாச்சி, படகுக்கு ஒரு மோட்டார் வேணும்."

"வா தங்கச்சி, வா!" உடும்பு பிளந்த நாக்கை நீட்டி நீட்டி மூன்று குட்டிகளையும் பார்த்தது. "புதுசு அஞ்சு மூட்டை உலர்ந்த ஈசல். பழசு ஒரே மூட்டை!"

மாடத்தியிடம் இருந்ததே ஒரு மூட்டைதான். அதுவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

புது மோட்டார் உறை பிரிக்காமல் மூலையில் இருந்தது. பழசு வாசலில் ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மடுவிலிருந்து அந்த ஸ்டூல் வரை ஈரமண்ணில் ஒரு தடம், எதையோ இழுத்து வந்த மாதிரி, அகலமாக.

"பழசு பாதி வழியில நின்னுட்டா என்ன செய்ய, அண்ணாச்சி?"

"நிக்கவா! நல்லாக் கேட்டே போ!" உடும்பு பழைய மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கிக் கயிற்றை இழுத்தது. ஒரே இழுப்பில் ஓடியது! "புதுசுக்கு வழி தெரியாது, தங்கச்சி. இதுக்கு இந்த மடு நல்லாப் பழக்கம். நீ கண்ணை மூடிட்டு உக்காரு, அதுவே கூட்டிட்டுப் போயிடும். பிள்ளைகளையும் ஏத்திக்கோ. எடை தாங்குதான்னு பாத்துடலாம்!"

மாடத்திக்கு முதுகில் முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

மோட்டார் வாங்குகிறவர்கள் அதன் மூடியில் தங்கள் பெயரை எழுதிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். அடுத்து வாங்குகிறவர் அதன் மேலேயே வேறு நிறம் அடித்துத் தன் பெயரை எழுதுவார். மாடத்தி மெல்ல நகத்தால் சுரண்டினாள். சிவப்புக்கு அடியில் பச்சை. அதில் 'ஆண்டி அணில்'. பச்சைக்கு அடியில் மஞ்சள். இப்படி ஏழு நிறம், ஏழு பெயர். எல்லாம் பளபளவென்று இருந்தன!

ஒரு கோடை பட்டாலே பெயிண்ட் வெளுத்துப்போகும். அவளுடைய துடுப்பே வெளுத்துத்தான் கிடக்கிறது. இந்த ஏழு பேரில் ஒருவர்கூட ஒரு கோடை முழுக்க ஓட்டவில்லையா? கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில் இருந்த பெயரைப் படித்தாள். 'கறுப்பாயி முயல்.'

பக்கத்து வளையில் குடியிருந்த கறுப்பாயி! நேற்றுச் சாயங்காலம்தான் அக்கரைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போய்ச் சேர்ந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றவள், இந்த நேரம் வரை ஒரு வார்த்தை அனுப்பவில்லை.

மாடத்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, கறுப்பாயி இதை எதுக்கு வித்தா?"

"அவளுக்கு இனிமே தேவைப்படல."

"அப்படியா! எனக்கு மோட்டார் ஓட்டிப் பழக்கமில்ல. நீங்க ஒரு தடவை அக்கரை வரைக்கும் போயிட்டு வாங்க. திரும்பி வந்தா வாங்கிக்கிடுறேன்."

"நானா? கடையை யாரு பாக்குறது? எனக்கு முட்டு வலி வேற!"

"அப்ப நான் வரேன், அண்ணாச்சி." மாடத்தி மூட்டையைத் தூக்கினாள்.

உடும்பு மடுவைத் திரும்பிப் பார்த்தது. நடுவில் ஒரு குமிழி வந்து உடைந்தது. "இன்னைக்கு யாராவது போயே ஆகணுமே! இல்லேன்னா அது கரைக்கே ஏறி வந்துடுமே!" என்று வாய்க்குள் முணுமுணுத்தது. மாடத்தி காதில் அது விழுந்துவிட்டது.

"நில்லு தங்கச்சி, நில்லு! ஓரமா ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன், போதுமா?"

உடும்பு மோட்டாரைக் கடைப் படகில் மாட்டிக்கொண்டு கிளம்பியது. கரையோரமாகத்தான் திருப்பியது. படகு திரும்பவில்லை! கைப்பிடியை உடும்புப் பிடியாகப் பிடித்து இழுத்தது. அப்போதும் மோட்டார் பழகிய வழியிலேயே நேராக நடு மடுவுக்குப் போனது. அங்கே போய் நின்றது. அந்த அமைதியில் கரையில் இருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"முதலையண்ணே! நான்தான்! உங்க கூட்டாளி! ஆள் அனுப்புறதே நான்தானே!"

அடியில் கிடந்த முதலைக்கு முகமா தெரியும்? மோட்டார் நின்றால் இரை வந்தாச்சு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

மாடத்தி குட்டிகளின் கண்ணைப் பொத்தினாள். தண்ணீர் ஒரு தடவை கொப்பளித்து அடங்கியது.

அவள் குட்டிகளைத் தன் படகில் ஏற்றினாள். ஆறு குறுகும் இடம் நாலு நாள் தூரம். நாலு நாளானாலும் பரவாயில்லை என்று, முழங்கால் தண்ணீரிலேயே ஓரமாகத் துடுப்புப் போட்டாள். கொஞ்ச தூரம் போனதும் கடைக்குட்டி திரும்பிப் பார்த்தது.

"அம்மா! அந்த மோட்டார் மறுபடியும் கடையில இருக்கு!"

ஸ்டூல் மேல் மோட்டார் தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. வாசல் வரை ஒரு புதுத் தடம், முதலை வயிற்றை இழுத்து வந்த மாதிரி, அகலமாக. கடையில் யாரும் இல்லை.

ஒரு பொருள் புதுசா பழசா, விலை கூடவா குறைவா என்று பார்ப்பதற்கு முன்னால், அதை இதுவரை வைத்திருந்தவர்கள் இப்போது எங்கே என்று கேட்டுவிட வேண்டும்.