வலது இருக்கை

தன்னைவிடப் பதினாறு வயது இளையவளைக் குத்தாலிங்கம் "ஆசான்" என்று கூப்பிட ஆரம்பித்தபோது ஊர் சிரித்தது. ஐம்பத்தேழு வயது மனுஷன், மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு முதலாளி, பேரன் பேத்தி எடுத்தவர். அவர் சொந்தமாக விமானம் செய்யக் கிளம்பியதற்கே ஊர் ஒரு தடவை வயிறு வலிக்கச் சிரித்து முடித்திருந்தது. இது இரண்டாவது தடவை, அவ்வளவுதான்.

ஆசானின் பெயர் ஜைத்தூன். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருஷம் என்ஜின் பார்த்தவள். இப்போது ஊரோடு வந்து அப்பாவின் ஜெனரேட்டர் ரிப்பேர் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டாள். ஒரு வேலையைக் கொடுப்பாள், அல்லது தானே ஒன்றைச் செய்து காட்டுவாள். பதில் அதற்குள் இருக்கும். கிடைக்காவிட்டால் அது கேட்டவர் பாடு.

விமானத்தைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குத்தாலிங்கம். இன்னொருவர் அவருடைய சிநேகிதர் தங்கையா, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். கோவில்பட்டிப் பக்கம் மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் ஒன்பது வருஷம் பாடுபட்டார்கள்.

என்ஜின் பழைய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றியது. அதில் பிஸ்டன் கிடையாது. கூட்டுக்குள் முக்கோண இரும்பு ஒன்று கிரைண்டர் கல்லைப்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலும் கீழும் முட்டி மோதாமல் தன்பாட்டுக்குச் சுற்றுகிறதே, மரியாதை தெரிந்த என்ஜின் என்றால் இதுதான் என்பார் தங்கையா.

அது ஓடிப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வலது பக்க இருக்கைக்குக் குஷன் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அது அவருடைய இருக்கை. இடது பக்கம் குத்தாலிங்கம், வலது பக்கம் தங்கையா என்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள்.

ஏழு மாதம் குத்தாலிங்கம் அந்தப் பக்கமே போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, பட்டறையில் உட்கார முடியவில்லை. புரட்டாசியில் ஒருநாள் ஜைத்தூனின் கடை வாசலில் வந்து நின்றார். ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

தங்கையா இருந்தபோது இரண்டு பேருக்கும் அவள் முதன்முதலில் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு விதி. சரிபார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதிய அட்டை ஒன்று இருக்கும். ஒருவர் வாசிக்க வேண்டும். மற்றவர் பார்த்து, கையால் தொட்டு, "சரி" என்று சொல்ல வேண்டும். வாசிக்கிறவர் பார்க்கக் கூடாது. பார்க்கிறவர் வாசிக்கக் கூடாது. இரண்டையும் ஒரே ஆள் செய்தால் மனசு முந்திக்கொண்டு சரி சொல்லிவிடும், கண் பின்னால்தான் வந்து சேரும் என்பாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: வாசித்தவர், பார்த்தவர். அவரவர் கட்டத்தில் அவரவர் பெயரின் முதல் எழுத்து.

என்ஜின் ஓடாத விமானத்தில் உட்கார்ந்து இரண்டு வருஷம் அப்படிப் பழகினார்கள். வாசிப்பது எப்போதும் குத்தாலிங்கம். பார்ப்பது எப்போதும் தங்கையா. முள் காட்டும் கருவிகளையும் வால்வுகளையும் வலது பக்கமாகவே வைத்ததும் அதனால்தான்.

கரிசல் காட்டுக்கு நடுவே, போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று இருந்தது. தரையில் ஓட்டிப் பார்க்க மட்டும் அங்கே அனுமதி வாங்கியிருந்தார்கள். சிமெண்ட் பாளங்களின் வெடிப்பில் வேலிக்கருவை முளைத்திருந்தது. ஆடு மேய்ப்பவர்கள் அதைக் குறுக்கே கடக்காமல் ஒரு மைல் சுற்றிப் போவார்கள். ஏன் என்று கேட்டால், சும்மாதான் என்பார்கள்.

முதல் நாள், விமானத்தின் வாலை ஒரு கல்தூணில் கயிற்றால் கட்டினார்கள். சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தார்கள். தீப்பிடித்தால் அணைக்க ஒருவர் வெளியே நின்றாக வேண்டும். ஜைத்தூன் சிலிண்டரோடு இறக்கை ஓரம் நின்றுகொண்டாள். உள்ளே தனியாகத்தான் இருப்பீர்கள், ஒரு வரியை வாசித்ததும் அட்டையை மடியில் வைத்துவிட்டு நீங்களே பாருங்கள் என்று சொல்லியிருந்தாள். குத்தாலிங்கம் தலையாட்டிவிட்டு ஏறினார்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதன் ஜோடி வலது பக்கக் கொக்கியில் தொங்கியது. ரேடியோ இன்னும் வைக்கவில்லை. சத்தத்துக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்ள ஒரு ஹெட்போனுக்கும் மற்றதற்கும் நடுவே ஒரு ஒயர், வேறொன்றும் கிடையாது.

என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்தது. அதிர்வே இல்லை. ஒரே சீரான இரைச்சல். அட்டையை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

"எண்ணெய் அழுத்தம்?"

பழக்கம் விடவில்லை. அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.

"சரி," என்றது காதுக்குள்.

எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். தண்ணீர்ச் சூடு. சரி. பேட்டரி. சரி. நாலாவது வரியில்தான் பேனா நின்றது. வலது பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பயம் போய், கண்ணில் தண்ணீர் வந்தது. ஏழு மாதமாக அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு குரல்தான்.

மீதி வரிகளையும் வாசித்து முடித்தார்.

மறுநாளும் குரல் வந்தது. அதற்கு மறுநாள் காலையில் விமானத்தைத் திறந்தபோது, வலது இருக்கையின் பெல்ட் பூட்டிக் கிடந்தது. ஜைத்தூன்தான் பூட்டியிருப்பாள் என்று அவர் நினைத்தார். அவர்தான் பூட்டியிருப்பார் என்று அவள் நினைத்தாள். ஒரு ஒல்லியான ஆளின் இடுப்பளவுக்கு அது இழுத்து இறுக்கப்பட்டிருந்தது. தங்கையா ஒல்லி.

அன்று கயிற்றை அவிழ்த்து, மெதுவாக ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகவே ஓடியது. அடுத்த நாள் வேகமாக ஓட்டிப் பார்ப்பது பாக்கி. அதுவும் தேறிவிட்டால் ஜைத்தூன் தாளில் கையெழுத்துப் போடுவாள். மேலே பறக்க அனுமதி கேட்டு அந்தத் தாளைத்தான் அனுப்ப வேண்டும்.

மதியம் மூன்று நாள் அட்டைகளையும் வாங்கி அவள் வரிவரியாகப் பார்த்தாள். நடு வெயில். ஒரு காக்கா சத்தம்கூட இல்லை.

"பார்த்தவர் கட்டத்துல என்ன எழுதியிருக்கு, அண்ணாச்சி?"

"தானா. தங்கையாவோட 'த'."

"எழுதினது யாரு?"

"நாந்தான்."

"ஏன்?"

"பாத்தது நான் இல்லையே, ஆசான். பாக்காததுக்கு என் எழுத்தைப் போட்டா பொய்யாயிரும்லா."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் சிரிக்கவில்லை. டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லவில்லை. குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டாள். வலது பக்கம் என்றார். நீங்கள் ஒருதடவையாவது திரும்பிப் பார்த்தீர்களா என்றாள். வாசிக்கிறவர் பார்க்கக் கூடாது என்று சொன்னது நீங்கள்தானே என்றார்.

அவள் அட்டைகளை அடுக்கிக் கீழே வைத்தாள்.

பறப்பதை நினைத்தாலே தனக்கு ஒன்பது வருஷமாகப் பயம் என்றார் குத்தாலிங்கம். தங்கையாவிடம்கூட அதைச் சொன்னதில்லை. இந்த மூன்று நாளாக அந்தப் பயமே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஜைத்தூனால் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, ஆசான். அவன் இருக்கானா, இல்லையா? இருந்தான்னா நான் பறக்கேன். இல்லைன்னா எனக்கு இந்த வண்டியே வேண்டாம். ஒடச்சு எடைக்குப் போட்டுருவேன்."

அவள் ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் உள்ள உக்காருதேன்," என்றாள்.

மறுநாள் காலையில் அவள் முதல் வேலையாக விமானத்தின் வாலைத் திரும்பவும் தூணில் கட்டினாள். சக்கரங்களுக்குக் கல்லையும் வைத்தாள். வேகமாக ஓட்டுகிற நாளில் எதற்குக் கயிறு என்ற கேள்வி வாய்வரை வந்தது, குத்தாலிங்கம் கேட்கவில்லை. தீயணைக்கும் சிலிண்டரை உள்ளேயே தூக்கி வைத்துக்கொண்டாள்.

வலது பக்க பெல்ட் அன்றைக்கும் பூட்டிக் கிடந்தது. அவள் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே அதைக் கழற்றினாள். வாரைத் தளர்த்தித் தன் அளவுக்கு நீட்டினாள். தங்கையா தைத்த குஷனில் உட்கார்ந்து, அவருடைய ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினாள்.

"வாசிங்க, அண்ணாச்சி."

என்ஜின் பிடித்தது. குத்தாலிங்கம் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் உட்கார்ந்திருப்பதால் தங்கையா வர மாட்டானோ என்பதுதான் அவருக்கு அப்போதிருந்த ஒரே கவலை.

"எண்ணெய் அழுத்தம்?"

"சரி."

தங்கையாவின் குரலேதான். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுதினார்.

"தண்ணீர்ச் சூடு?"

"சரி."

"பேட்டரி?"

"சரி."

"பெட்ரோல் வால்வு?"

பக்கத்தில் ஏதோ டக்கென்றது. அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி."

எழுதினார். அடுத்த வரியை வாசித்தார், சரி என்றது. அதற்கடுத்ததையும் வாசித்தார், அதுவும் சரி. ஏழாவது வரியின் நடுவில் என்ஜின் ஒருமுறை விக்கியது. இரைச்சல் இறங்கியது. புரொப்பெல்லர் இரண்டு சுற்று வெறுமனே சுற்றிவிட்டு நின்றது.

வெயிலில் தகடு விரியும் சத்தம் மட்டும் கேட்டது.

குத்தாலிங்கம் முதல் தடவையாக வலது பக்கம் திரும்பினார். ஜைத்தூனின் கை பெட்ரோல் வால்வின் சிவப்புப் பிடியின் மேல் இருந்தது. பிடி குறுக்கே திரும்பியிருந்தது. குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில்தான் என்ஜின் அதுவரை ஓடியிருக்கிறது.

"மூடியிருக்கு," என்றார்.

"ஆமா."

"எப்பம் மூடுனீங்க?"

"நீங்க வாசிச்ச உடனே."

அவர் அட்டையைப் பார்த்தார். நாலாவது வரிக்கு எதிரே அவர் கையாலேயே எழுதிய அந்த ஓர் எழுத்து இருந்தது. அட்டையை மடியில் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். இந்தத் தடவைதான் தங்கையா நிஜமாகச் செத்துப்போனதுபோல இருந்தது அவருக்கு. அவன் பக்கத்தில் இருந்திருந்தால் மூடியதைச் சொல்லியிருப்பான், எல்லாம் தன் மனசு பண்ணின வேலை, ஆள் இல்லாத ஏக்கத்தில் தானே பேசித் தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று விரல்களுக்குள் முனகினார். நாளைக்கே எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்றார்.

ஜைத்தூன் ஹெட்போனைக் கழற்றினாள். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"மனசு இல்ல, அண்ணாச்சி."

அவர் கையை எடுத்தார்.

"நான் வாயே தெறக்கல. எனக்கும் கேட்டுது," என்றாள்.

அவள் ஹெட்போனைக் கொக்கியில் மாட்டவில்லை. தரையில், காலுக்குக் கீழே வைத்தாள். பிறகு வால்வைத் திறந்து, திறந்ததைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குத்தாலிங்கம் அட்டையை மடியிலிருந்து எடுத்து நாலாவது வரியைத் திரும்பவும் பார்த்தார்.

"அப்பம் ஏன் ஆசான் பொய் சொல்லுதான்? ஒம்பது வருசத்துல ஒரு போல்ட்டுக்குக்கூடப் பொய் சொன்னவன் இல்லையே. மேல போன பெறகு இது நடந்திருந்தா நான் செத்துல்லா போயிருப்பேன்."

"பொய் இல்ல, அண்ணாச்சி," என்றாள் ஜைத்தூன். "அவரு இருக்கிற எடத்துலருந்து பாத்தா, எல்லாம் சரியாத்தான் இருக்கும்."