மடையான் முதுகில் அப்பிய சேறு

அந்தக் காலத்தில், மீனும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட நாளில், கோரை ஏரியின் மடையைக் காத்து வந்தது மடையான் என்ற கொக்கு. மடையை அடைத்திருந்த பலகையைத் தூக்கவும் இறக்கவும் அதற்கு மட்டும்தான் உரிமை. அப்போதெல்லாம் அது பூச்சிதான் தின்னும். மீன்களுக்கு அதனிடம் பயமில்லை.

ஒரு கோடையில் பட்டணத்துக் காகம் வந்தது.

"அண்ணே, பட்டணத்தில் பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடக்கிறார்கள். ஒரு வாய்த் தண்ணீர் விடுங்கள்."

விரால் மீனுக்கு அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் சிவப்புச் சிவப்பாகத் தாயின் வயிற்றடியில் மொய்த்துக்கொண்டிருந்தன. விரால் பதறிப்போய்த் தலையை நீட்டியது.

"அண்ணே, எவ்வளவு வேண்டும், எப்போது நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். என்னுடையவை பச்சைக்குஞ்சுகள்."

"தாகம் என்று வந்தவரிடம் அளவு கேட்பதா? நம் ஏரியில் அந்த வழக்கமே இல்லையே, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மடையான் பலகையைத் தூக்கியது.

தண்ணீர் போனது. போய்க்கொண்டே இருந்தது. தாமரை இலைகள் தரையில் படுத்தன. மடையை மூடலாம் என்று போய்ப் பார்த்தால் பலகையைக் காணோம்.

மடையான் பட்டணத்துக்குப் பறந்தது. அங்கே தெருத்தெருவாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தூசி பறக்கக் கூடாதாம். யானைக்குக் காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல். யானையைத் தேய்ப்பவன் கால் வழுக்காமலிருக்க மடைப்பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தான்.

"இதுதான் உங்கள் தாகமா?"

காகம் அலகைத் துடைத்துக்கொண்டது. "குடித்தது போக மிச்சம், அண்ணே. உங்களுக்குத்தான் அவ்வளவு பெரிய ஏரி இருக்கிறதே!"

"பலகையைக் கொடு."

"என்னைக் கேட்டால்? மேலே கேளுங்கள்."

யாரிடம் போனாலும் மேலே கையைக் காட்டினார்கள்.

மடையான் வெறும் அலகோடு திரும்பியது. ஏரியில் சேறுதான் இருந்தது. குஞ்சுகள் அதில் ஒட்டிக் கிடந்தன, ஒன்றிலும் அசைவில்லை. விரால் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பலகை கிடைத்ததா, அண்ணே?"

"இல்லை, தங்கச்சி. தெருவுக்குத் தெளிக்கிறார்கள்."

"என் பிள்ளைகள் நீந்திய தண்ணீரையா?"

மிச்சமிருந்த உயிரையெல்லாம் வாலில் திரட்டி, விரால் சேற்றை வாரி அடித்தது. அதுவரை பால்வெள்ளையாக இருந்த கொக்கின் தலையிலும் முதுகிலும் சேறு அப்பியது. மடித்திருந்த இறக்கைக்குள் மட்டும் படவில்லை.

அன்று முதல்தான் மடையான் பறக்கும்போது வெள்ளையாகவும், தரையில் இறங்கினால் சேற்று நிறமாகவும் தெரிகிறது. எந்த நீர்க்கரையிலும் கழுத்தை உள்ளிழுத்துக் குனிந்தே நிற்கிறது. தண்ணீரை வாங்கித் தெருக் கழுவிய பட்டணத்தின் மேல் மட்டும் ஒரு பொட்டுச் சேறுகூட இன்றுவரை தெறிக்கவில்லை.