கழுதை சொன்ன சமம்

அந்தக் காலத்தில் கழுதைக்குப் பேச்சு இருந்தது. தராசுதான் இன்னும் பிறக்கவில்லை. உப்புக்கு நெல் மாற்றுகிறவர்கள் கழுதையின் ஒரு பக்கம் உப்பு மூட்டையும் மறுபக்கம் நெல் மூட்டையும் தொங்கவிட்டு, "என்னப்பா, சமமா?" என்று அதையே கேட்பார்கள். அது சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சு கிடையாது.

இதைக் கேள்விப்படுகிறவர்களுக்குக் கழுதைக்கு என்ன பெருமை என்றுதான் தோன்றும். அதன் முதுகைக் கேட்டால் அல்லவா வலி தெரியும்! இந்தப் பக்கம் ஒரு படி எடு, அந்தப் பக்கம் ரெண்டு படி போடு என்று வாசலுக்கு வாசல் இதே பாடு.

உப்பளத்துக் காத்தாயியின் கழுதை அந்த ஐப்பசியில் ஏழு ஊர் நடந்து ஓய்ந்துபோயிருந்தது. மழை இறங்கிவிட்டால் உப்பு விளையாது; இந்த நடையில் சேரும் நெல்தான் காத்தாயிக்குத் தை வரைக்கும் சோறு. கடைசி வீட்டில் மாசானம் என்ற குடியானவர் கண்ணளவாக அள்ளிக் கட்டிய மூட்டையைத் தொங்கவிட்டார். உப்புப் பக்கம் கீழே இழுத்தது. நாலு படி நெல்லாவது குறைவு.

"சமந்தானா?" என்றாள் காத்தாயி.

இல்லை என்றால் மறுபடி இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும், அதுவரை நிற்க வேண்டும். "சமந்தான் தாயி, கிளம்பு" என்றது கழுதை.

தை பிறக்க ஆறு நாள் இருக்கும்போது காத்தாயியின் பானை காலியானது. வெளியே மழை விடவில்லை. அவள் கழுதையிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு மாசானம் வீட்டுல சமம்னியே, நெசமா?"

"இல்ல தாயி. நாலு படி குறைச்சல். முதுகு வலி தாங்கல."

அவள் அடிக்கவில்லை. அடிக்கத் தெம்பும் இல்லை. "வலிக்குதுன்னு சொல்லியிருந்தா இறக்கி வச்சிருப்பேனே. எனக்குந்தான் காலு வலிச்சுது."

அடி விழுந்திருந்தாலே தேவலை என்றிருந்தது கழுதைக்கு.

மழை விட்டதும் காத்தாயி ஒரு கம்பின் இரு முனையிலும் கூடை கட்டி, நடுவில் கயிறு போட்டுத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றில் உப்பு, ஒன்றில் நெல். கம்பு சாயாமல் நின்றது.

"இனிமே உள்ளதைச் சொல்றேன் தாயி" என்றது கழுதை.

அவள் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க ஆளில்லாத பேச்சு நாளாக ஆகக் குழறி, வெறும் கத்தலாகிப் போனது.

அன்று முதல்தான் வாயில்லாத தராசை ஊரே நம்புகிறது. கழுதையோ தொண்டை கிழிய உள்ளதைச் சொல்கிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.