சிவப்பு மரவை

"அம்மா, எங்க மரவை வெடிக்குது."

வந்த வேகத்தில் உட்காரக்கூட இல்லை நாச்சியப்பன். நின்றபடியே சொன்னார்.

மடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாமியம்மா நிமிராமல், "மொதல்ல உக்காருங்கண்ணே" என்றாள்.

அவளுக்கு நாற்பது வயது. அவருக்கு அறுபத்து மூன்று. அவள்தான் குரு, அவர்தான் சீடர். இதைச் சொன்னால் ஊரில் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மரவை என்பது பர்மாவில் செய்கிற பாத்திரம். மூங்கிலைச் சீவிப் பின்னி, அதன்மேல் ஒரு மரத்தின் பாலைப் பூசிப் பூசி மினுக்குவார்கள். நாச்சியப்பன் வீட்டு முகப்பில் அப்படி நாற்பத்திரண்டு இருந்தன. வெற்றிலைப் பெட்டி, தாம்பாளம், கிண்ணம், கூஜா என்று கண்ணாடி அலமாரி நிறைய.

தட்டுக்குத் தட்டு மின்விளக்கு. ஈரம் அண்டாமலிருக்க மூலைக்கு மூலை பொட்டலம். யாரும் தொடக்கூடாது. "என்னைக் கட்டுனதுக்கு அந்த அலமாரியக் கட்டியிருக்கலாம்" என்று மனைவி விசாலாட்சி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள்.

"எது வெடிக்குது?"

"செவப்பு. எங்கப்பா கொண்டாந்தது."

சாமியம்மா கீரையைக் கீழே வைத்தாள்.

"அதுல என்ன வச்சிருக்கீக?"

"ஒண்ணும் வக்கிறதில்லம்மா. அது அடுத்தவுக பொருள்."

"யாரோடது?"

"தெரியாது."

அப்புறந்தான் உட்கார்ந்தார்.

யுத்தம் வந்து பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே திரும்பியபோது அப்பாவுக்கு ஒன்பது வயது. மூன்று நாள் பட்டினி. வழியில் ஒரு பர்மாக்காரம்மா, புத்த பிட்சுகளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள். கோபுரம் மாதிரி மூடி போட்ட சிவப்பு மரவை. பையனைப் பார்த்தாள். மரவையோடு அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஏதோ சொன்னாகளாம். அப்பாவுக்கு பர்மியம் நல்லாவே தெரியும். ஆனா காதுல வாங்கல. சோத்தையே பாத்துக்கிட்டு இருந்தாராம். கூட்டம் தள்ளிக்கிட்டு வந்துருச்சு."

"சரி."

"திருப்பிக் கொண்டாந்து குடுன்னு சொன்னாகளோ என்னமோன்னு சாகுற வரைக்கும் பொலம்புனாரு. 'பத்திரமா வையிடா, நம்ம பொருளில்ல'ன்னு எங்கிட்டக் குடுத்தாரு. அது தனியா இருக்குதேன்னுதான் மத்த நாப்பத்தொண்ணையும் தேடித் தேடிச் சேத்தேன். இப்ப அதுவே வெடிக்குது. நான் அப்பாவுக்கு என்னம்மா பதில் சொல்லுவேன்?"

அறுபத்து மூன்று வயது மனிதர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போயி எடுத்துட்டு வாங்க" என்றாள் சாமியம்மா.

பட்டுத் துணியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் கொண்டுவந்தார். வயிற்றுப் பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

சாமியம்மா ஈரத்துணியை எடுத்து அதைத் துடைத்தாள்.

"ஐயையோ! தண்ணி படக்கூடாதும்மா!"

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. துடைத்துவிட்டு அடுப்படிக்குள் கொண்டுபோய், தண்ணீர்ப் பானைகளுக்கு நடுவே வைத்தாள்.

"பௌர்ணமிக்கு வாங்க."

பன்னிரண்டு நாள். நாச்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

பௌர்ணமியன்று காலையிலேயே வந்து நின்றார். மரவை அதே இடத்தில் இருந்தது. விரிசலும் இருந்தது. ஆனால் மயிரிழைகூட வளரவில்லை. மங்கிக் கிடந்த சிவப்பு, குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"இது மழையும் ஆறுமா இருக்குற ஊர்ல பொறந்ததுண்ணே. காயப்போட்டா வெடிக்காம என்ன செய்யும்?"

நாச்சியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். வாய் கொள்ளாத சிரிப்பு.

"நீங்க நல்லாருக்கணும்மா. இன்னைக்கே வெளக்கையெல்லாம் கழட்டிடுறேன். அலமாரிக்குள்ள கிண்ணத்துல தண்ணி வச்சு, இதையும் வச்சுப் பூட்டிடுறேன்."

"அண்ணே, பக்கத்து வீட்டுலேருந்து ஒரு பாத்திரத்துல பலகாரம் வருது. பாத்திரத்த நம்ம வீட்டுல எப்படித் திருப்பிக் குடுப்போம்?"

"வெறும் பாத்திரமாக் குடுக்க மாட்டோம். ஒண்ணுமில்லேன்னாலும் ஒரு கை சீனியாவது..."

மரவையைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மா செத்து எத்தனை வருஷமோ. பேரும் தெரியாது. யார்கிட்டம்மா குடுக்குறது?" என்றார்.

"ஒங்கப்பாவோட பேரக் கேட்டாகளா அவுக?"

பதில் எதிர்பார்க்காமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பௌர்ணமிதோறும் மடத்தில் மதியம் சாப்பாடு. முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்திக்கு இலை போட்டபோது சாமியம்மா மரவையை அவர் கையில் கொடுத்தாள். நிறையப் புளியோதரை.

"பரிமாறுங்க. சோறு ஆறித்தான் இருக்கு, பயப்படாதீக."

நாச்சியப்பன் மூடியைத் திறந்தார். எண்பது வருஷத்துக்கு அப்புறம் அதிலிருந்து சோற்று வாசனை வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குடும்பம். செங்கல் சூளையில் வேலை முடிந்து ஒடிசாவுக்குத் திரும்புகிறவர்கள். தலையில் மூட்டை, முதுகில் மூட்டை. சாப்பாடு என்று கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் எதிரே பஸ் வந்து நின்றது. தகப்பன் ஏதோ கத்தினான். எல்லோரும் திரும்பி ஓடினார்கள்.

ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை மட்டும் நகரவில்லை. அவள் மரவையைப் பார்த்தபடி நின்றாள்.

நாச்சியப்பன் சுற்றிலும் ஒரு இலை தேடினார். எல்லாம் பந்தியில் போட்டாகிவிட்டது. கண்டக்டர் விசிலடித்தார். தாய் ஓடிவந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

மூடியைப் போட்டு, மரவையை அப்படியே அந்தப் பிள்ளையின் கையில் திணித்துவிட்டார் நாச்சியப்பன்.

பஸ் கிளம்பியது. வெறுங்கையோடு பின்னாலேயே பத்தடி போனார். ஜன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார். பஸ் போய்விட்டது.

திரும்பி வந்தவரின் முகத்தைச் சாமியம்மா பார்த்தாள்.

"அந்தப் புள்ளைகிட்ட என்னண்ணே சொன்னீக?"

"'மெதுவாச் சாப்பிடுத்தா, பாத்திரத்தத் திருப்பித் தர வேணாம், ஒனக்குத்தான்'னு சொன்னேன். அது எங்க காதுல வாங்குச்சு? சோத்தையே பாத்துக்கிட்டு..."

நாச்சியப்பன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா" என்றார்.